பெராக்சைடு மாஸ்டர்

வாசகர்களே, நம்மிடையே 'அதேதானுங்க' என்றோர் இனம் உண்டு. இந்த இனத்தாரிடம் புதிதாக எதையும் சொல்லிவிட முடியாது. செவ்வாய்க்கு ராக்கெட் போனதைச் சொல்லுங்கள், பல்லடத்துக்குக் கம்பெனி வேன் போவதும் அதேதானுங்க என்பார்கள். இதயத்தில் அடைப்பு என்று சொல்லுங்கள், பம்புசெட்டில் பாசி அடைப்பதும் அதேதானுங்க என்பார்கள். பாதி கேட்பார்கள். மீதியை அவர்களே முடித்துக்கொள்வார்கள். உங்கள் தெருவில் இல்லையா? நன்றாகப் பாருங்கள், இருப்பார்.

திருப்பூர்ச் சாயப்பட்டறை மாஸ்டர் செங்கோட்டையன் இந்த இனத்தின் அசல் வித்து. பனியன் துணியை இரண்டு விரலால் தடவியே பதம் சொல்லிவிடுவார். அந்த விரல்களுக்குத்தான் சம்பளம். இருபது வருடம் ஈரத்திலேயே கிடந்ததில் நகக்கண் வீங்கிச் சிவந்து, இப்போது துணியைத் தொட்டாலே உயிர் போனது. திங்கட்கிழமை துணி பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். விரல் போனால் மாஸ்டர் பதவியும் போச்சே! மனிதர் கலங்கிப்போய் டாக்டர் சுபஸ்ரீயிடம் ஓடினார்.

"ஈஸ்ட்டுன்னு ஒரு பூஞ்சைங்க," என்றார் டாக்டர்.

"மாவு பொங்குதே, அதேதானுங்க."

"அந்த வகைதானுங்க. இந்த மருந்து அதோட செல்லுக்குள்ள போயி, ஆக்சிஜனையே அதுக்கு விஷமாத் திருப்பி விட்ரும். தாங்க மாட்டாம செல்லு தானாவே செத்துப்போயிரும்."

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "பெராக்சைடுங்க! நாங்க துணி வெளுக்கறது அதேதானுங்க!"

"ஏறக்குறைய அப்படித்தானுங்க, ஆனா இது பூஞ்சைக்குள்ள மட்டும்…"

'ஆனா'வுக்குப் பிறகு கேட்கிற வழக்கம் இந்த இனத்துக்கு ஏது? பதினான்கு நாள் மருந்து, கையில் ஈரம் படக்கூடாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று.

பட்டறையில்தான் டிரம் டிரம்மாகப் பெராக்சைடு நிற்கிறதே! நாலு டன் துணியை வெளுக்கிற சரக்கு நாலு விரலை வெளுக்காதா? ஒரு மக்கில் பிடித்து, தண்ணீர்கூடக் கலக்காமல் விரல்களை முக்கினார். விரல்கள் வெள்ளை வெளேரென்று ஆயின.

"பாத்தியா முகிலா, பூஞ்சை போச்சு!" என்று உதவி மாஸ்டரிடம் காட்டிய வாய் மூடுவதற்குள் எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அலறினாரே ஓர் அலறல்! அப்போதும் மாஸ்டர் மாஸ்டர்தான். வெளுத்த துணியில் மிஞ்சுகிற பெராக்சைடை முறிக்கும் சரக்குக்குப் பட்டறையில் கில்லர் என்று பெயர். "கில்லர எடுத்துட்டு வாடா!" என்று கத்தினார்.

"அது துணிக்குங்க மாஸ்டர்!" என்று முகிலன் அவரைத் தரதரவென்று இழுத்துப்போய்க் குழாயடியில் கையை நீட்டிப் பிடித்தான்.

கொப்புளங்களைப் பார்த்த டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பூஞ்சை நகத்துக்கடியில பத்திரமா இருக்குதுங்க. செத்தது உங்க தோலு. ரெண்டு மாசம் துணியத் தொடவே கூடாது."

மாஸ்டர் தலைகுனிந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. எத்தனை நேரம்? நாலு விநாடி.

"சலவை கூடிப்போனா நூலு இத்துப்போகுமே, அதேதானுங்க?"

திங்கட்கிழமை முகிலன் துணியைத் தடவிப் பதம் சொன்னான். வந்தவர்கள் அவனைத்தான் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு ஓரமாக நின்ற செங்கோட்டையனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

சிரித்தீர்களா? சந்தோஷம். ஆனால் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் ஓரிடத்தில், 'அட, இது நம்ம சித்தப்பாவேதான்!' என்று நினைத்தீர்களே, அதற்கு அப்புறம் வந்த வரிகளைக் கவனித்துப் படித்தீர்களா?