தாமான் அம்சவல்லி, நூற்றிருபது வீடுகள்

ரிங்லெட்டுக்கு மேலே, ஏரியைப் பார்த்த சரிவில், ஆண்டியப்பன் இரண்டு ஏக்கரில் முட்டைக்கோஸ் போட்டிருந்தார். நிலம் அரசாங்கத்துடையது. வருடா வருடம் புதுப்பிக்கும் தற்காலிக உரிமம் ஒன்று அவர் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருடமாக அவர் அங்கே தற்காலிகமாக இருந்தார். தற்காலிகமாக மூன்று பிள்ளைகளைப் பெற்றார். மூத்தவளுக்குக் கல்யாணமும் செய்து அனுப்பிவிட்டார்.

1982இல் எதிர்ச் சரிவில் ஒரு பலகை முளைத்தது. புதுக் குடியிருப்பு ஒன்றுக்காக ஈப்போக் கம்பெனி ஒன்று நட்டது. ‘சுவிட்சர்லாந்து தாமான். விரைவில்.’ பலகைக்குப் பின்னால் லாலாங் புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே மாதத்தில் அந்தப் புல்லின் விலை ஆறு மடங்கு ஏறிவிட்டது.

“கோலாலம்பூர்க்காரன் இப்பெல்லாம் வீடு வாங்குறதில்லலா. வியூதான் வாங்குறான்” என்றார் கோஸ் ஏற்ற வந்த லோரிக்காரர். “அடுத்தது உங்க பக்கம்தானாம். தற்காலிக நிலத்தையெல்லாம் கம்பெனி கேட்டிருக்காம்.”

ஆண்டியப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் எதிர்ச் சரிவுக்கு ஏறிப் போய் அந்த வியூவைப் பார்த்தார். அவருடைய கோஸ் தோட்டம்தான் தெரிந்தது, வரிவரியாக, பச்சைப் பசேலென்று.

“நம்ம கோஸைப் பாக்குறதுக்காங்க இவ்வளவு விலை?” என்றாள் அவர் மனைவி அம்சவல்லி. “விக்கப் போனா கிலோவுக்குப் பத்து காசு கூடக் கேட்டாலே மூஞ்சியத் திருப்பிக்கிறானுங்க.”

ஆண்டியப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சம்பந்தப்பட்ட ஆபீசின் சம்பந்தப்பட்ட மேசைக்குப் போனார். அங்கே பேனாவும் கோப்புமாக இருந்தவர் கிராணி பழனியப்பன்.

“ஐயா, என் நிலத்தை நிரந்தரமாக் குடுங்க.”

“மேம்படுத்துன நிலத்துக்குத்தான் நிரந்தரம்.”

“மேம்படுத்தித்தானே வச்சிருக்கேன்? நான் வந்தப்ப வெறும் காடு. இப்ப கோஸ்.”

“கோஸ் பயிர். பயிரு மேம்பாடு ஆகாது. கட்டடம் வேணும்.”

“சரி, கட்டிடறேன்.”

“தற்காலிக நிலத்துல கட்டடம் கட்டுனா உடைச்சிருவோம்.”

ஆண்டியப்பன் கொஞ்சம் யோசித்தார். “ஈப்போக் கம்பெனி இடத்துல கட்டடமே இல்லியே. வெறும் லாலாங்தானே?”

பழனியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவங்ககிட்ட பலகை இருக்கு. பலகை கட்டடம் இல்ல, அதனால உடைக்க முடியாது. ஆனா மேம்பாட்டுக்கு அறிகுறி, அதனால மறுக்கவும் முடியாது.”

ஆண்டியப்பன் நேராகப் பிரிஞ்சாங்குக்குப் போய்ப் பலகை எழுதச் சொன்னார். வெளிநாட்டுப் பெயர் எதுவும் அவருக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. அதனால் மனைவி பெயரைச் சொன்னார். எத்தனை வீடு என்று எழுதுகிறவன் கேட்டான். “இடம் எவ்வளவு இருக்கோ அவ்வளவு போடு” என்றார். பலகையில் நூற்றிருபதுக்கு இடம் இருந்தது.

“என் பேரை மழையில நனைய விட்டுட்டு வந்திருக்கீங்களே, வெக்கமா இல்ல?” என்று அம்சவல்லி சத்தம் போட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் அதைப் போய் மூன்று தடவை பார்த்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரமே தாப்பா பக்கமிருந்து ஒரு கார் ஏறி வந்தது. பிறகு இன்னும் நாலு கார். வந்தவர்கள் வீடு எங்கே என்று கேட்கவில்லை. மூச்சை இழுத்து விட்டார்கள், ‘ஆகா’ என்றார்கள், முன்பணம் கொடுத்தார்கள்.

மாதக் கடைசியில் பழனியப்பன் ஆய்வுக்கு வந்தார். பலகையை நாடாவால் அளந்தார், ஆட்டிப் பார்த்தார். ‘மேம்பாடு உறுதியாக உள்ளது’ என்று எழுதிக்கொண்டார். பிறகு தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தவருக்கு முகம் மாறியது.

“இது என்ன?”

“கோஸ்யா.”

“மேம்பாட்டுப் பகுதிக்குள்ள கோஸ் ஆக்கிரமிப்பு செஞ்சிருக்கு. யார் நட்டது?”

“நான்தான்.”

“அப்ப உங்க நிலத்தை நீங்களே ஆக்கிரமிச்சிருக்கீங்க. பதினாலு நாள்ல அகத்தணும்.”

“இன்னும் மூணு வாரம் குடுங்கய்யா” என்றாள் அம்சவல்லி. “இப்பத்தான் உருண்டு வருது.”

“சட்டத்துல பதினாலுதான் இருக்கும்மா.”

பதினாலாம் நாள் ஆண்டியப்பன் தன் கையாலேயே பிடுங்கினார். குழந்தையின் கைமுஷ்டி அளவுதான் இருந்தன. பாதி வரிசையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மீதியை அம்சவல்லி பிடுங்கி முடித்தாள்.

ஆனால் கடிதம் வந்தது. ‘கொள்கையளவில் நிரந்தரம்.’ கொள்கை எவ்வளவு நீளம், அகலம் என்று அதில் போடவில்லை. ஆண்டியப்பன் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

பக்கத்துத் தோட்டக்காரர் இராமையா வந்து அந்தக் கடிதத்தைப் பார்த்தார். மறுநாளே அவர் கோஸ் போய் ‘லண்டன் தாமான்’ வந்தது. வருடம் முடிவதற்குள் கம்போங் ராஜா வரைக்கும் நாற்பத்தொரு பலகைகள். கீரை விளைந்த சரிவில் பாரிஸ், தக்காளி விளைந்த சரிவில் ஜெனீவா.

வெளியூர்க் கார்கள் ஓய்ந்ததும் ஊர்க்காரர்களே வாங்க ஆரம்பித்தார்கள். ஆண்டியப்பன் தன் முன்பணத்தை லண்டனில் இரண்டு மனைக்குப் போட்டார். இராமையா தன்னுடையதைத் தாமான் அம்சவல்லியில் போட்டார். அங்கேயே மூலை மனை ஒன்றைப் பழனியப்பனும் பிடித்துவைத்தார்.

டிசம்பர் மழை வந்தது. பிடித்து வைக்க ஒரு வேர்கூட இல்லாத மண் இறங்கிச் சாலையில் படுத்துக்கொண்டது. மழை விட்டதும் ஈப்போக் கம்பெனிக்காரர்கள் எதிர்ச் சரிவில் நின்று வியூவைப் பார்த்தார்கள். செம்மண்ணும் பலகைகளும்தான் தெரிந்தன. தங்கள் பலகையைக் கழற்றிக் காருக்கு மேலே கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

அதன்பிறகு அந்த மலையில் நிலம் என்ன விலை என்று கேட்க ஆள் இல்லை.

அப்துல் முத்தலிப்பின் சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் கூடினார்கள். “என் முன்பணத்தை வைய்யா” என்று ஆண்டியப்பன் இராமையாவின் சட்டையைப் பிடித்தார். ஆண்டியப்பன் சட்டையைப் பழனியப்பன் பின்னாலிருந்து பிடித்தார். யார் யாரைத் திட்டுவது என்று சரியாகப் பிடிபடாததால், கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து ஆபீசுக்கு மனு எழுதினார்கள். மனுவைப் பழனியப்பனே எழுதினார். மறுநாள் ஆபீசில் அதைப் பெற்றுக்கொண்டு, விதிப்படி பதிலும் அவரே எழுதினார்: ‘பதிவு பெற்ற குடியிருப்போர் சங்கத்தின் புகார் மட்டுமே கவனிக்கப்படும்.’

அப்படித்தான் தாமான் அம்சவல்லி குடியிருப்போர் சங்கம் பிறந்தது. ஒரு வீடுகூட இல்லாத இடத்துக்குத் தலைவர் பதவிக்கு ஐந்து பேர் போட்டி போட்டார்கள். தன் பெயரில் உள்ள தாமானாயிற்றே என்று அம்சவல்லியும் நின்று, இரண்டு ஓட்டில் தோற்றுச் செயலாளர் ஆனாள். பழனியப்பன் தலைவர். முதல் கூட்டத்தில் மனு, முன்பணம் எல்லாவற்றுக்கும் முன்பாக, தாமானின் கௌரவம் பற்றி ஒரு தீர்மானத்தைப் பழனியப்பன் கொண்டுவந்தார்.

“நம்ம தாமானுக்குள்ள யாரோ ஆடு கட்டுறாங்க. நாலு பேர் பார்த்தா நம்ம மதிப்பு என்னத்துக்கு ஆகும்? உடனே அப்புறப்படுத்தணும். ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க.”

ஒன்றைத் தவிர எல்லாக் கைகளும் ஏறின.

கோஸ் போன பிறகு அந்த இரண்டு ஆட்டின் பாலை விற்றுத்தான் ஆண்டியப்பன் வீட்டில் உலை வைத்தார்கள். அவர் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அம்சவல்லி செயலாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை நன்றாக உயர்த்தியிருந்தாள்.

“தூக்குங்க” என்றாள் மெதுவாக. “எல்லாரும் பாக்குறாங்க.”

அவரும் தூக்கினார்.