பிழைத்த பிழைகள்

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அக்காளின் கணவன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். நான் மட்டும் மூன்று நாளாக மகள் கண்ணில் படாமல் சுகமாக இருக்கிறேன். தங்கள் முழங்கால் இப்போது மாடிப்படி ஏறுகிறது என்று நம்புகிறேன்.

நிற்க. அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் பிழை திருத்தியவனுக்கு ஓய்வு கொடுத்தார்களே தவிர, என் கைக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. மகள் ஆய்வுக்கூடத்தில் எச்.ஐ.வி. கிருமியை ஆராய்கிறாள் அல்லவா, திங்கட்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் ஒரு கத்தைத் தாளை வைத்துவிட்டு வெளியே போனாள். எடுத்துப் பார்த்தால் பக்கம் பக்கமாக நாலே நாலு இங்கிலீஷ் எழுத்து, மாற்றி மாற்றி. ஒரே நோயாளியின் ரத்தத்தில் ஆறு வருஷம் எடுத்த கிருமியின் மரபெழுத்து என்று மேலே குறிப்பு. முதல் வருஷத்தை மூலப்பிரதியாக வைத்து மற்றதை ஒப்பிட்டால், வருஷத்துக்கு வருஷம் பிழை கூடிக்கொண்டே போகுது. நாலு எழுத்தை ஒழுங்கா அடிக்கத் தெரியாத ஆளை யார் வேலைக்கு வெச்சாங்களோன்னு கை துறுதுறுத்துது. அவள் திரும்புவதற்குள் இருநூற்றுப் பதினாலு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, அத்தனையையும் முதல் தாள் மாதிரியே திருத்திவிட்டேன்.

வந்தவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, இது பிழை இல்லப்பா. இதுதான் என் ஆராய்ச்சியே. உடம்பு கிருமியோட முகத்தை அடையாளம் கண்டு அடிக்கும். அதுக்குள்ள கிருமியோட முகம் மாறிடும்."

"அடேயப்பா, கெட்டிக்காரக் களவாணி. போலீஸ் வர்றதுக்குள்ள மீசையை எடுத்துடுதா?"

மதியமே ஆய்வுக்கூடத்தில் கூட்டம். ஓரத்தில் அவள் கைப்பட எழுதிய குறிப்பெல்லாம் இருந்ததால் வேறு வழியில்லாமல் அந்தத் தாள்களையே சுவரில் ஒட்டினாள். டாக்டர்கள் வந்தார்கள், ரத்தம் கொடுத்த அந்த நோயாளியும் வந்தார். பஸ் டிரைவர், எதையும் ஒளிக்காத மனுஷன். நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால். டிரைவர் எழுந்து சுவர்கிட்ட போய் மகளிடம் கேட்டார்: "இந்தச் சிவப்பெல்லாம் ஏம்மா ஒரே இடத்துல கும்பலா இருக்கு?"

"அங்கதான் உங்க உடம்பு அடிச்சுது. கிருமி மாற மாற, உடம்பும் விடாம அடிச்சுது."

"அப்ப என் உடம்பு சும்மா இருக்கலையா?"

"ஒரு நாள்கூட இல்லை."

"ஆறு வருஷம் இந்த உடம்பைக் கையாலாகாததுன்னு திட்டினேன்மா" என்றவர், அழுதுகொண்டே சிரித்தார். இப்போது தினமும் மாத்திரை போடுகிறாராம். கிருமி நகலெடுக்க முடியாமல் அடங்கிக் கிடக்கிறது, ஆகவே புதுப் பிழைக்கும் வழியில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை, எழுந்து நின்று தனியாகக் கை தட்டினேன். அதுக்குத்தான் மகளுக்கு இன்னும் கோபம்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உங்களுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: மகள் இதை வாசித்துவிட்டாள். களவாணி, மீசை எல்லாம் தப்பாம். "கிருமிக்கு மூளையே கிடையாதுப்பா. கண்ணை மூடிக்கிட்டுத் தப்புத் தப்பா நகலெடுக்குது. முக்கால்வாசித் தப்பு அதையே முடிச்சுடும். உடம்புக்கு அடையாளம் தெரியாத தப்பு மட்டும் பிழைக்குது." ஆகவே கிருமியின் சாமர்த்தியம் பற்றி மேலே சொன்னது எதையும் நம்ப வேண்டாம். பிழை இருந்தால்தான் பிழைக்குமாம். அந்தக் கணக்குப்படி இந்தக் கடிதம் நூறு வருஷம் இருக்கும்.