ஜன்னல் வழியே போக வேண்டியவர்

மனைவியின் டைரியை ரகசியமாகப் படிப்பது அந்த ஃபேன் மெக்கானிக்குக்குப் பதினோரு வருஷப் பழக்கம். சந்தேகம் என்று இல்லை; இருந்தால் தெரிந்துகொள்ளலாமே என்றுதான். சிலிண்டர் மாற்றிய தேதியைத் தாண்டி இதுவரை எதுவும் சிக்கியதில்லை. வியாழக்கிழமை சிக்கியது.

'ஞாயிறு: டிஃபெனஸ்ட்ரேட். இரண்டு ஆளுக்குச் சொல்லியாச்சு.'

மனைவி இங்கிலீஷ் டீச்சர். அவருடைய இங்கிலீஷ் 'ஆன்', 'ஆஃப்' இரண்டோடு சரி. எழுத்துக் கூட்டி மனப்பாடம் செய்துகொண்டு, எதிர்வீட்டு லைப்ரரிக்காரரிடம் ஓடினார்.

"சும்மா கேக்கறேன் சார். டிஃபெனஸ்ட்ரேட்னா என்ன?"

லைப்ரரிக்காரர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். "லத்தீன்ல ஃபெனெஸ்ட்ரான்னா ஜன்னல். ஒரு ஆளை ஜன்னல் வழியா வெளியே தூக்கிப் போடறதுக்குப் பேர்தான் அது."

"இதுக்கெல்லாம் ஒரு வார்த்தையா?"

"நானூறு வருஷம் முன்னாடி ஐரோப்பாவுல ஒரு கோட்டையில மூணு பேரை அப்படிப் போட்டாங்க. வார்த்தை நிலைச்சுடுச்சு."

"போய்ச் சேர்ந்துட்டாங்களா?"

"பொழைச்சுட்டாங்க. கீழே குப்பைமேடு இருந்துச்சாம். இப்பல்லாம் பதவியிலேர்ந்து தூக்கறதுக்கும் அதே வார்த்தைதான்."

புருஷன் என்பதும் ஒரு பதவிதானே என்று அவருக்கு வியர்த்தது. வீட்டுக்கு வந்தார். படுக்கையறை ஜன்னலை அவருடைய பழைய ஃபேன் குவியல் மறைத்திருந்ததால், சமையலறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். மூன்றாவது மாடி. கீழே கழுவித் துடைத்த சிமென்ட் தரை. பெருக்குகிறவர்களை வாழ்க்கையில் முதல்முறையாக நொந்துகொண்டார். யோசித்தால், அவர் எடைக்கு இரண்டு ஆள் என்பதும் சரியாகத்தான் இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை வீட்டுலதானே இருப்பீங்க?" என்றாள் மனைவி, அவர் சட்டைக்குப் பட்டன் தைத்தபடி.

"ஏன் கேக்கறே?"

"சும்மாத்தான்."

"அக்கா வீட்டுக்குப் போறேன். விடியறதுக்குள்ள கிளம்பிடுவேன்."

"சரி" என்றாள். முகம் வாடவில்லை. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் உயிரோடு திரும்பினார். படுக்கையறை ஜன்னல் விரியத் திறந்திருந்தது. ரிப்பேர் பண்ணப் போவதாகச் சொல்லி ஆறு வருஷமாக யாரையும் தொடவிடாமல் காத்த பதினேழு ஃபேனையும் காணோம்.

"எங்கே எல்லாம்?"

"பழைய சாமான்காரங்க ரெண்டு பேர் வந்து அள்ளிட்டுப் போனாங்க. காத்து வருது பாருங்க."

"அப்ப அந்த டிஃபெ..."

"எந்த டிஃபெ?"

"ஒண்ணுமில்லை."

அவள் குளிக்கப் போனதும் டைரியைத் திறந்தார். புது வரி ஒன்று இருந்தது.

'லைப்ரரி அண்ணாவுக்கு நன்றி சொல்லணும். பீரோ மேல இருக்கற மோட்டாருக்கு வேற வார்த்தை கேக்கணும்.'