பதினான்காம் எண் ஜெர்சியின் முட்டி

காயம் ஆற்றுகிறவர் என்று சொல்லிக்கொண்டு கிளைவ் ரட்லெட்ஜ் எங்கள் ஊருக்கு வந்த மூன்றாவது வாரமே, பயிற்சிக்கு ஒழுங்காக வராதவர்கள்கூட கால்பந்து கிளப் வாசலில் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை. பைக்குள் துவைக்காத ஜெர்சி. நாற்றம் கோதுமைக் கிடங்கு வரை போனது.

கிளைவ் உடம்பைத் தொடமாட்டார். அதெல்லாம் டாக்டர்கள் செய்கிற பழைய வேலையாம். கடைசியாக ஆடிய ஜெர்சியைக் கொடுத்தால் போதும். காயத்தின் நினைவு வியர்வையில் இருக்கிறதாம். அதனால் சோப்பு மட்டும் ஆகாது. ஜெர்சியை மேஜையில் விரித்து, நூலில் கட்டிய பித்தளைக் குண்டு ஒன்றை அதன்மேல் தொங்கவிடுவார். குண்டு சுற்றும். "வலது தொடை, பின்பக்கம்" என்பார். ஜெர்சிக்காரன் வாயைப் பிளப்பான். ஏனென்றால் அடிபட்டது வலது தொடையின் பின்பக்கம்தான். பிறகு குண்டு எதிர்த் திசையில் சுற்றும். காயம் வெளியே போகும், ஐம்பது டாலர் உள்ளே போகும்.

அந்தக் குண்டு விண்கல்லோடு சேர்த்து உருக்கிச் செய்ததாம். பார்ப்பதற்கு, சுவர் நேராக நிற்கிறதா என்று கொத்தனார்கள் பிடிக்கும் தூக்குக்குண்டு மாதிரியே இருந்தது. கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டின் பசைகூட இன்னும் போகவில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, என் தோள்வலிக்காக வரிசையில் போய் நின்றேன்.

நான் ஆட்டக்காரன் இல்லை. சனிக்கிழமைகளில் மைதானத்தோரம் சாசேஜ் சுடுகிறவன். என் ஏப்ரனைத்தான் கொடுத்தேன். குண்டு ரொம்ப நேரம் தடுமாறியது. "உங்க காயத்துக்குக் கூச்ச சுபாவம்" என்றார் கிளைவ். அதற்கு மேல் அவரைச் சிரமப்படுத்த மனம் வராமல், தோளை நானே காட்டிக் கொடுத்தேன். குண்டு உடனே சுற்றியது. எனக்கு மெய்சிலிர்த்தது. மூளை எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள், வரிசையில் எனக்குப் பின்னால் நின்றிருக்கும்.

கிளப்பில் ஒருத்திக்கு மட்டும் இதில் சந்தோஷமில்லை. நோரீன் டூஹி. வாரநாட்களில் தபால் ஆபீசில் வேலை, ஞாயிறன்று இரண்டு அணிகளின் நாற்பத்து நான்கு ஜெர்சிகளையும் துவைக்கிற வேலை. கிளைவ் வந்ததிலிருந்து ஒரு பயலும் ஜெர்சியைக் கழற்றிக் கொடுக்கவில்லை. நோரீன் எல்லாரையும் திட்டினாள். பொறாமை என்றார்கள்.

இப்படியே போயிருந்தால் நாற்றத்தோடு போயிருக்கும். ஆனால் பெண்கள் அணி முதன்முறையாக இறுதிப் போட்டிக்குள் நுழைந்தது. வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

மார்னி கெசலுக்குப் பதினெட்டு வயது. எண் பதினான்கு. எங்கள் ஆஸ்திரேலியக் கால்பந்தில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம்; அவளைப்போல் உயரத் தாவிப் பிடிப்பவள் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. பிப்ரவரியில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் தாவி இறங்கும்போது இடது முட்டிக்குள் தசைநார் அறுந்தது. ஆபரேஷன் ஆனது. பன்னிரண்டு மாதம் ஆடக்கூடாது, அதன் பிறகும் ஒற்றைக்காலில் தாவினால் இரண்டு காலும் ஒரே தூரம் போனால்தான் மைதானம் என்று பிசியோ சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணும் முனகாமல் ஏழு மாதம் சுவரோரம் உட்கார்ந்து எழுந்தாள், படியேறி இறங்கினாள், மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக் கை தட்டினாள். அந்தப் பொறுமையைப் பார்த்து எனக்கே கண் கலங்கியிருக்கிறது.

இறுதிப் போட்டியைப் பார்க்க நகரத்திலிருந்து பெரிய அணிகளுக்கு ஆள் எடுப்பவர்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. மார்னிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோச் வெய்னுக்கு அதைவிட. மீதி ஐந்து மாதத்தைக் குண்டால் சுற்றிவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அவசரத்தில் இறங்கி அந்த முட்டி இன்னொரு தடவை அறுந்தால் மார்னியின் ஆட்டம் அதோடு முடிந்தது. இது எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

வியாழன் மாலை. கிளப் ஹாலில் பட்டாணி சூப்பும் கூட்டமும். கிளைவ் தன் வழக்கமான நாற்காலியில், ஹீட்டர் பக்கத்தில், நோட்டீஸ் போர்டுக்கு எதிரே. வெய்ன் பதினான்காம் எண்ணைக் கேட்க, நோரீன் ஒரு பையைக் கொடுத்தாள்.

கிளைவ் ஜெர்சியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். பக்கத்தில் நின்ற எனக்கு ஒரு வாடை அடித்தது. எங்கேயோ பழகிய வாடை. தெய்வீக வாடை இப்படித்தான் இருக்கும்போல என்று சும்மா இருந்துவிட்டேன்.

குண்டு சுற்றியது. "இடது முட்டி. ஆழமான கிழிசல். பாவம், பொண்ணு ராத்திரியெல்லாம் அழுதிருக்கா." குண்டு எதிர்ப்பக்கம் சுற்றியது. "போயிடுச்சு. சனிக்கிழமை தாராளமா ஆடலாம்."

வெய்ன் அணிப் பட்டியலில் பதினான்கை எழுதிவிட்டார். மார்னி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கை தட்டல் ஓய்ந்ததும் நோரீன் விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். அவளுடைய ஆடு மேய்க்கிற நாய் பிஸ்கட் உள்ளே ஓடி வந்து, நேராக மேஜைமேல் தாவி, அந்த ஜெர்சியின்மேல் சுருண்டு படுத்தது.

"மார்னி போட்ட ஜெர்சியை நான் அன்னைக்கே துவைச்சு மடிச்சு வச்சாச்சு," என்றாள் நோரீன். "இது புதுசு. ஒரு வாரமா இதைப் போட்டுக்கிட்டு ஆடு மேய்ச்சது இவன்தான்."

கிளைவ் அசரவில்லை. "நாய்க்கும் முட்டி உண்டேம்மா. இடது பக்கம் உள்ளுக்குள்ள சேதம் இருக்கலாம்."

யாரோ ஒரு பந்தை உருட்டிவிட்டார்கள். பிஸ்கட் இரண்டு பெஞ்சைத் தாண்டிப் பாய்ந்து பந்தைப் பிடித்து, திரும்பும் வழியில் வெய்ன் தட்டிலிருந்த ரொட்டியையும் எடுத்துக்கொண்டது. அந்த அளவு சேதம் எங்கள் ஆண்கள் அணிக்கு இருந்தால் போதும், கோப்பை எங்களுக்குத்தான்.

நோரீன் அதோடு விடவில்லை. நோட்டீஸ் போர்டில் இருந்த ஒரு தாளை உருவி மடித்துப் பைக்குள் போட்டாள். வாராவாரம் நாங்களே எழுதி ஒட்டுகிற காயப்பட்டியல் அது. ஜெர்சி எண், பெயர், எந்த உறுப்பு, எந்தப் பக்கம், எத்தனை வாரம் ஓய்வு, எல்லாம் கொட்டை எழுத்தில். அதற்கு எதிரே நாற்காலி போட்டதும் நாங்கள்தான், மனிதருக்குக் குளிருமே என்று.

பிறகு எண்ணின்மேல் துணி ஒட்டிய மூன்று ஜெர்சிகளை விரித்தாள். "மூணும் போன சனிக்கிழமை ஆடினது. துவைக்கல. ஒருத்தருக்கு மட்டும் அடி. எதுன்னு சொல்லுங்க போதும்."

கிளைவ் சுவரைப் பார்த்தார். சுவரில் நான்கு குண்டூசிதான் இருந்தது. விண்கல் நேராகத் தொங்கியது, தூக்குக்குண்டு தொங்க வேண்டியபடி. கூட்டம் அதிகம், சக்தி குழம்புகிறது என்றார். போன வாரம் இதைவிடக் கூட்டம் என்று பின்னாலிருந்து ஒருவன் ஞாபகப்படுத்தினான். சிரிப்பு ஆரம்பித்தது. அதற்கு மட்டும் அவரிடம் வைத்தியம் இல்லை.

சிரிக்காதவள் மார்னி ஒருத்திதான்.

"அப்ப என் முட்டி?" என்று கேட்டாள்.

"எனக்கென்னடி தெரியும், நான் துணி துவைக்கிறவ. என்னையும் நம்பாத. தாவிப் பாரு."

தரையில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். வலது காலில் தாவினாள். அடையாளம் வைத்தார்கள். இடது காலில் தாவினாள். இரண்டு சாண் குறைந்தது. இறங்கும்போது முட்டி ஆடி வெய்ன் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெய்ன் போய்ப் பதினான்கை அழித்தார்.

மார்னி சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில், "தண்ணி பாட்டில் தூக்கிட்டு ஓடலாம்ல? மெதுவா ஓட பிசியோ சரின்னுட்டாங்க," என்றாள்.

அப்படியே ஓடினாள். எங்கள் பெண்கள் ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். ஆள் எடுப்பவர்கள் அவளுடைய பழைய ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, முட்டி ஆறட்டும், வருகிறோம் என்றார்கள். அடுத்த ஏப்ரலில் அவள் தாவிப் பிடித்த முதல் பந்தைப் பார்க்க அவர்களும் வந்திருந்தார்கள்.

கிளைவ் இப்போது ஆற்றுக்கு அக்கரையில் அடுத்த ஊர் கிளப்பில் இருக்கிறார். கோப்பை வென்ற அணிக்கு வைத்தியம் பார்த்தவர் என்று வாசலில் பலகை. அங்கேயும் ஹீட்டர் பக்கத்தில்தான் நாற்காலியாம்.

கிளைவ் வந்த முதல் நாளே பிஸ்கட் அவர் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று திரும்பிப் போனது. நாங்கள் நாற்பது பேர். எல்லாருக்கும் மூக்கு இருக்கிறது, மூக்குக்கு மேலே மூளையும் இருக்கிறது. ஒரு வாரம் நாய் போட்டிருந்த ஜெர்சியை மூக்கடியில் வைத்துக்கொண்டும் கை தட்டினோம். நாயளவுக்காவது முகர்ந்து பார்த்துவிட்டு நம்புங்கள் ஐயா, அதற்குமேல் யோசிப்பதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.