சுரப்பி தூங்கிப்போன சேதி

மகளின் பேறுகாலத்துக்குத் துணையாகப் போயிருக்கும் என் மனைவிக்கு,

நலம். நீயும் மகளும், பிறந்து ஐம்பது நாளான பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுவது.

மூட்டுவலிக்காக எட்டு மாதமாய்க் காலையில் நீ என் உள்ளங்கையில் வைப்பாயே, அந்த ஸ்டீராய்டு மாத்திரை, நீ போன பிறகு அதை எடுத்து வைக்க ஆளில்லை, வலியும் இல்லை, பிறகெதற்கு என்று நானாகவே நிறுத்திவிட்டேன். ஒரே வாரத்தில் சட்டை மாட்டுவதற்கே மூச்சு வாங்கியது, சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டியது, எழுந்தால் தலை சுற்றியது. உன்னை நினைத்துத்தான் ஏங்கிப்போகிறேன் என்று முடிவு செய்து, இந்த வயதில் இதை யாரிடம் சொல்வது என்று வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை நம் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு டீச்சரம்மா சான்றிதழோடு வந்தார். அதைக் கண்ணாடிமேல் வைக்கக் குனிந்தேன், கண் இருட்டியது, கன்னம் கண்ணாடியில், முழங்கை பட்டனில். என் கன்னம் பதினோரு காப்பி வந்துவிட்டது. "சார், நான் ஒண்ணுதானே கேட்டேன்" என்றவர், நான் எழாததைப் பார்த்த பிறகுதான் ஆட்டோ பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, ரத்தம் சோதித்துவிட்டு டாக்டர் சொன்னார்: "மருந்து வெளியிலேருந்து வந்துட்டே இருந்ததால, உங்க மூளை போதும்னு நினைச்சு, கார்ட்டிசால் சுரக்கச் சொல்றதையே விட்டுருச்சு. சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற அட்ரீனல் சுரப்பி, சொல்ல ஆளில்லாம தூங்கிப்போச்சு. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். மூளை பழையபடி சொல்ல ஆரம்பிக்க மாசக்கணக்காகும்."

"அப்ப இது ஏக்கம் இல்லையா, டாக்டர்?"

"என்ன ஏக்கம்?"

அவருக்கு முப்பது வயதுகூட இராது. மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டே நாளில் தலைசுற்றல் போனது, பசி வந்தது, நடையில் பழைய வேகம். ஆனால் சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்றால், கதவைத் திறக்கக் கை வரமாட்டேன் என்கிறது. மறுபடி போய்க் கேட்டேன். "அதுக்கும் சுரப்பிக்கும் சம்பந்தமில்லைங்க" என்றுவிட்டார்.

ஆகையால் கவலைப்பட ஒன்றுமில்லை. பிள்ளை தலை நிற்கும்வரை இருந்துவிட்டு வா. மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசிகள், பேத்திக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

பி.கு.: இதை உறையில் போடும்போது நீ போன் செய்து, "என்னங்க, தனியா கஷ்டமா இருக்கா?" என்று கேட்டாய். "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்றேன். உன் பக்கத்தில் மகள் இருந்தாளே, வேறென்ன சொல்வது? கிளம்பி வா.