போக மறுத்த தண்டர்-4

இனி இந்த வீட்டில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடமாட்டேன் என்று மனைவியின் தலைமேல் கைவைத்து அவர் சத்தியம் செய்து சரியாக நாற்பது நாள் ஆகியிருந்தது. சத்தியத்துக்குக் காரணம் மிக்ஸி. அதைப் பிரித்து மாட்டியதில் நாலு ஸ்க்ரூ மிஞ்சியது. மிக்ஸிதான் மிஞ்சவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அவருக்குப் பெயர் விஞ்ஞானி.

நாற்பத்தொன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு விஞ்ஞானி மறுபடியும் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை மனைவியின் கம்ப்யூட்டர் முன்னால்!

அவள் வீடுகளுக்குப் பிளான் போடுகிறவள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு டாக்டரம்மா வருகிறார். இன்னும் கட்டாத தன் வீட்டை அறை அறையாகத் திரையில் நடந்து பார்க்கப் போகிறார். பிடித்தால்தான் வேலை இவள் கைக்கு வரும். அளவெடுக்கப் போயிருக்கும் மனைவி நாலு மணிக்குத் திரும்பிவிடுவாள். அதற்குள் புது கிராஃபிக்ஸ் கார்டை மாட்டிவிட வேண்டும். படம் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். "ஐயோ, இது யார் செஞ்சது?" என்று அவள் வாயைப் பிளக்க வேண்டும். மிக்ஸிக்குப் பிராயச்சித்தம். அப்படியே ராத்திரியில் தன் கார் பந்தய விளையாட்டும் பறக்கும் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கார்டை நேற்றே கடையில் வாங்கிவிட்டார். பெயர் போடாத வெள்ளை அட்டைப்பெட்டி.

"என்ன மாடல்ங்க இது?"

"மாடல் கேக்கறது சாதாரண ஆளுங்க சார். உங்களை மாதிரி விவரம் தெரிஞ்சவங்க ஃபேனைத்தான் பாப்பாங்க" என்றார் கடைக்காரர்.

விஞ்ஞானி உடனே ஃபேனைப் பார்த்தார். ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது.

"அதுவா? தரம் பாத்து பாஸ் பண்ணின அடையாளம் சார்."

பழைய கார்டைக் கழற்றினபோது அதில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. ஆறு வருஷமாய் இவ்வளவு சுத்தமாகவா வைத்திருக்கிறோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டார். அதைச் செருப்புப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினார். புதியதை மாட்டி, பவரைப் போட்டார். திரை குளிர்ஜுரம் வந்ததுபோல் வெடவெடவென்று நடுங்கியது.

போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்தார். "பழைய கார்டோட டிரைவர், அதான் அதை ஓட்டற சாஃப்ட்வேர், உள்ளயே தங்கியிருக்கும். அதைச் சுத்தமா தொடைச்சு எடுத்தாதான் புது கார்டு வேலை செய்யும்" என்றான் அதில் ஒருவன்.

பழுது பார்ப்பதற்கான சேஃப் மோடுக்குள் நுழைந்து, மறைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைத் திறந்தார். திகைத்துப்போனார். 'தண்டர்-4, நன்றாக வேலை செய்கிறது' என்றது திரை. தண்டர்-4 ஆறு வருஷமாக அவருக்குத் தெரிந்த பழைய கார்டு. அதுதான் கட்டிலுக்கடியில் கிடக்கிறதே! அதன் கீழே வெளிறிய எழுத்தில் இன்னொன்று: 'தண்டர்-9, இணைப்பில் இல்லை.' அதுதான் இப்போது மாட்டிய புதுசாக இருக்க வேண்டும்.

"அடப்பாவி! செத்தது உயிரோட இருக்குங்கறே, உயிரோட இருக்கறதைச் செத்துப்போச்சுங்கறே!" என்று கம்ப்யூட்டரைத் திட்டினார். தண்டர்-4ஐ நீக்கினார். மறுபடி ஆன் செய்தார். தண்டர்-4 வந்து நின்றது. மறுபடி நீக்கினார். மறுபடி வந்தது. மூன்றாம் தடவை ஆத்திரத்தில் கண்ணில் பட்ட தண்டர் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்தார். திரை ஒரேயடியாகக் கறுத்துப்போனது.

மணி மூன்று ஐம்பத்தைந்து. வாசலில் செருப்பு கழற்றும் சத்தம்.

"என்னங்க, முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா... தூசி தட்டினேன்."

"ஸ்க்ரூ டிரைவராலயா?"

விஞ்ஞானி பொலபொலவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "டாக்டரம்மா வர நேரம்! உன் வேலையைக் கெடுத்துட்டேனே! பழைய கார்டு பேயா வந்து உக்காந்திருக்கும்மா, தொரத்தத் தொரத்தப் போக மாட்டேங்குது!"

அவள் நேரே கட்டிலுக்கடியில் கைவிட்டுச் செருப்புப் பெட்டியை எடுத்தாள். அவர் மாட்டியதைக் கழற்றினாள், பெட்டியில் இருந்ததை மாட்டினாள், அதன் டிரைவரைப் போட்டாள். இருபது நிமிஷம். டாக்டரம்மாவின் வீடு கதவைத் திறந்துகொண்டு திரையில் ஜம்மென்று விரிந்தது.

"பழைய கார்டு எப்படி இப்படி ஓடுது?" என்றார் அவர், வாயைப் பிளந்தபடி.

"இது பழசு இல்லீங்க. தண்டர்-9. போன மாசமே நான் மாத்திட்டேன்."

"அப்ப தண்டர்-4?"

"அதைக் கடையில கொடுத்துட்டேன்."

விஞ்ஞானி கையிலிருந்த 'புது' கார்டைத் திருப்பிப் பார்த்தார். சிவப்புப் பொட்டு. ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார். அதன் பிடியிலும் அதே பொட்டு. அக்கம்பக்கத்துக்கு இரவல் போனால் அடையாளம் தெரியட்டும் என்று குடை, டார்ச், இஸ்திரிப்பெட்டி என வீட்டுச் சாமான் அத்தனைக்கும் அவள் நெயில் பாலிஷால் வைக்கும் அதே பொட்டு! நம்ம வீட்டுப் பொருளையே நாம் கடையில் போய் வாங்கி வந்திருக்கிறோம்!

"அந்தக் கடைக்காரன் என்னை ஏமாத்திட்டான்! விடமாட்டேன் அவனை!"

"பாவம், அவரைத் திட்டாதீங்க. 'மனைவிக்குத் தெரியாமல் கிராஃபிக்ஸ் கார்டு மாற்றுவது எப்படி'ன்னு என் கம்ப்யூட்டர்லயே தேடினா எனக்குத் தெரியாதா? எப்படியும் எதையாவது வாங்கி மாட்டத்தான் போறீங்க. அது மெஷினை எரிக்காத கார்டா இருக்கட்டுமேன்னு நம்ம பழைய கார்டையே உங்களுக்குக் கொடுக்கச் சொல்லி நான்தான் அவர்கிட்ட சொல்லிவெச்சேன். நாளைக்குத் திருப்பிக் கொடுத்துடுங்க, பணத்தை வாபஸ் தரேன்னு சொல்லியிருக்கார்."

"எப்ப சொன்னார்?"

அவள் டாக்டரம்மாவுக்காக நாற்காலியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்க வாங்கறதுக்கு முந்தின நாள்."