மெதுவாகப் போனால் சொதி மிஞ்சும்

ஒரு ஊரை அறிய வேண்டுமானால் மெதுவாகப் போக வேண்டும் என்பார்கள். உண்மைதான். ஆனால் திருநெல்வேலியில் மெதுவாகப் போனால் ஊர் நம்மை அறிந்துகொள்ளும், பிறகு லேசில் விடாது. மூன்று வருடத்துக்கு முன்னால் எட்டுத் தேங்காயின் பாலைப் பணயம் வைத்து இதைக் கண்டுபிடித்தவள் நான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பெங்களூரில் வேலை. சுற்றுச்சூழல் காய்ச்சல் புதிதாகப் பிடித்திருந்தது. கையில் துணிப்பை, எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், பெட்ரோல் என்றாலே சுளிக்கும் முகம். (தினமும் அலுவலகத்துக்கு டாக்ஸியில்தான் போனேன். அது வேறு விஷயம்.)

அண்ணனுக்குக் கல்யாணமாகிப் பத்து நாள். மதினி சென்னைக்காரி, பெயர் வித்யா. கல்யாணத்துக்கு மறுநாள் சம்பந்தி வீட்டாருக்குச் சொதி வைப்பது எங்கள் வழக்கம். தேங்காய்ப் பாலில் காய்கறி வேகவைத்த குழம்பு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. கல்யாணம் சென்னையில் நடந்ததால் கேட்டரிங்காரர் மறுநாளும் சாம்பாரையே ஊற்றிவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு அது நெஞ்சில் முள். அந்தக் குறை தீர, மதினியின் அப்பா அம்மா முதன்முறையாக திருநெல்வேலிப் பேட்டையில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிற நாள் அது. அண்ணன் அவர்களை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தான். அம்மா விடியற்காலையிலிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

மதினிக்கு ஊரைச் சுற்றிக்காட்ட அப்பா கார் ஏற்பாடு செய்திருந்தார். அதைத் திருப்பி அனுப்பிய மகராசி நான்தான். என் பழைய பள்ளிக்கூட சைக்கிள் ஒன்று, பக்கத்து வீட்டுச் சைக்கிள் ஒன்று.

"புதுப்பொண்ணை வெயில்ல சைக்கிள் மிதிக்க வைக்கியேட்டி" என்றாள் அம்மா.

"கார்ல போனா கண்ணாடியத்தான்மா பாக்கலாம். ஊரைப் பாக்க முடியாது."

"எதையும் பாரு. ஒரு மணிக்கு எலை போடணும். பன்னெண்டுக்கு வீட்டுல நிக்கணும், கேட்டியா?"

வாய்க்கால் ஓரம் காற்று முகத்தில் அடித்தது. மதினி கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டிக்கொண்டே வந்தாள். "ஒரு வாரமா இந்த வழியாத்தான் போறோம். இந்த ஊருக்கு இப்படி ஒரு வாசனை இருக்குன்னே தெரியல" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தைக் காப்பாற்றும் வேலை இவ்வளவு சுகமாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தேன்.

நான் மறந்துபோன சங்கதி ஒன்று உண்டு. எங்கள் பக்கம் புதுப்பெண் வாசலைத் தாண்டினால் வாய் நனைக்காமல் விடமாட்டார்கள். காரில் போனால் கையசைத்துத் தப்பிக்கலாம். சைக்கிள் என்றால் கைப்பிடியைப் பிடித்து நிறுத்திவிடலாம்.

முதலில் பிடித்தது செண்பகச் சித்தி. "எங்கன போறிய ரெண்டு பேரும்? என் வாசலைத் தாண்டியா?" என்றாள். இட்லி ஆளுக்கு ஆறு. வேண்டாம் என்று மதினி தட்டை மறைத்தபோது, மறைத்த கையின் இடுக்கு வழியாக ஒன்று உள்ளே விழுந்தது.

அடுத்து டவுன் ரத வீதி. அப்பாவின் சிநேகிதர், பாத்திரக்கடை அண்ணாச்சி, கடையை விட்டு நடுரோட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணாச்சி, நாங்க மெதுவா ஊரைப் பாக்க வந்தோம்" என்றேன். "மெதுவான்னா உக்காந்து பாருங்க. ஊரு எங்கயும் போயிராது" என்றார். கால் கிலோ அல்வாவும் நாலு உளுந்த வடையும் வாழையிலையில் வந்தன. (பிளாஸ்டிக் இல்லையே என்று நான் பூரித்தேன். அறிவு அப்படி.)

குறுக்குத்துறையில் தாமிரபரணியில் கால் நனைத்துக்கொண்டிருந்தபோது குளித்துவிட்டு வந்த கோமதி அத்தை பார்த்துவிட்டாள். நேரே அவள் வீடு. உளுந்தங்களி. கருப்பட்டி போட்டுக் கிண்டி, நடுவில் குழி பறித்து, நல்லெண்ணெய் நிரப்பித் தந்தாள். "பொம்பளப் பிள்ளையளுக்கு இடுப்புக்கு நல்லது" என்றாள். முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்து சைக்கிளில் ஏறினேன். மிதிக்கக் கால் எழவில்லை. மதினி ஏறவே இல்லை. "என்னால குனிய முடியல" என்றாள். மணி பன்னிரண்டரை.

பேட்டைப் பக்கம் போகிற லோடு ஆட்டோ ஒன்றைக் கை காட்டி நிறுத்தினேன். வாழைத்தார்களுக்கு நடுவே இரண்டு சைக்கிள், இரண்டு பெண்கள். நான் துறந்திருந்த டீசல் புகையெல்லாம் மொத்தமாகச் சேர்ந்து பின்னால் வந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார். பெற்ற மகளை வாழைத்தாரோடு இறக்குகிற காட்சியைப் பார்த்து, அவர் மகள் தலையில் ஒட்டியிருந்த வாழைச்சருகை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். அதுதான் பயமாக இருந்தது.

இலை போட்டாயிற்று. அம்மா தன் கையாலேயே மதினிக்குச் சொதி ஊற்றினாள். மதினி சோற்றைப் பிசைந்தாள், இன்னும் பிசைந்தாள். ஒரு பருக்கையும் வாய்க்குப் போகவில்லை. கண்ணில் நீர் கட்டிவிட்டது. அம்மாவின் முகம் சுருங்கியது.

சம்பந்தியம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "வித்யா, இங்க யாராவது உன்னை ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார். அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தாள். பத்து நாளாக மனதில் வைத்துக் காத்திருந்த விருந்து அவளுக்கு. என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்து நின்று வாக்குமூலம் கொடுத்தேன். இட்லி, அல்வா, வடை, களி என்று வரிசையாக ஒப்பித்தேன்.

"ஏட்டி, களியுமா?" என்றாள் அம்மா.

"களியும்தான்."

மதினி அப்போதுதான் வாய் திறந்தாள். "பத்து நாள் முன்னாடி இங்க எனக்கு யாரையும் தெரியாதும்மா. இன்னைக்குத் தெருவுல நிறுத்தி நிறுத்திச் சாப்பாடு போட்டாங்க" என்றாள். சம்பந்தியம்மா தன் இலையை அம்மா பக்கம் லேசாக நகர்த்தி, "எனக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார். அவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

சாயங்காலம் மதினி தானே அடுப்படிக்குப் போய், ஆறிப்போன சொதியை ஊற்றிச் சாப்பிட்டாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் செருப்பை மாட்டினாலும் அடுப்படியிலிருந்து அம்மா கேட்பாள், "வேகமா போறியா, மெதுவா போறியா?"

மெதுவாக என்று சொன்னால் நமக்கு உலையில் அரிசி போடமாட்டாள்.